மெடிக்கல் கலெக்‌ஷனை நீக்கித் தர்றேன்னு காசு கேக்குறவங்ககிட்ட ஜாக்கிரதை

அமெரிக்கால வீடு வாங்கற பிளான்ல இருக்கறவங்க, அதுலயும் பழைய ஆஸ்பத்திரி பில் ஏதாவது கலெக்‌ஷனுக்குப் போயிருந்தா, அதாவது கட்டாத பில்லை வசூல் பண்ற ஏஜென்சி கைக்குப் போயிருந்தா, தயவுசெஞ்சு இதைப் படிங்க. எனக்கு 992 டாலர் போச்சு, ஏழு மாசம் போச்சு, பிடிச்ச வீடும் கைவிட்டுப் போச்சு.

2021 நவம்பர்ல வைஃபுக்கு பித்தப்பை சர்ஜரி. ஆஸ்பத்திரி எங்க இன்சூரன்ஸ் நெட்வொர்க்லதான் இருந்துச்சு, ஆனா மயக்க மருந்து குடுத்த டாக்டர் நெட்வொர்க்ல இல்லையாம், வலில துடிக்கறவங்க அதையெல்லாமா விசாரிப்பாங்க? அவர் தனியா 2,180 டாலர் பில் போட்டிருக்கார், நாங்க அதுக்குள்ள அபார்ட்மென்ட் மாறிட்டோம், லெட்டர் எல்லாம் பழைய அட்ரஸுக்கே போயிருக்கு. இந்த மாதிரி பில்லைத் தடுக்கற ஃபெடரல் சட்டம் 2022 ஜனவரிலதான் அமலுக்கு வந்துச்சு.

2024ல லோனுக்குப் போனப்பதான் அந்த பில் வசூல் ஏஜென்சிக்குப் போன விஷயமே தெரியுது. என் கிரெடிட் ஸ்கோர் ஃப்ரீ ஆப்ல 691, லெண்டர் எடுத்தப்ப 648. வீட்டு லோனுக்கு அவங்க அப்ப பாத்தது பழைய வெர்ஷன் ஃபைகோ ஸ்கோர், மூணு கிரெடிட் பீரோ (நம்ம கடன் விவரத்தை வெச்சிருக்கற கம்பெனிங்க) ஸ்கோர்ல நடுவுல வர்ற நம்பரை எடுத்துக்கிட்டாங்க, ஆப்ல வர்றதை நம்பி இருக்காதீங்க.

அந்த நேரம் பாத்து வாட்ஸ்அப் குரூப்ல காசு வாங்கிட்டு கிரெடிட் ரிப்போர்ட்டை சரி பண்ணித் தர்றேன்னு சொல்ற ஒரு கிரெடிட் ரிப்பேர் கம்பெனி விளம்பரம். நம்ம ஊர்ப் பையன்தான் பேசினான். "அண்ணா, 60 நாள்ல கிளீன் பண்ணிடலாம், நீங்க கலெக்‌ஷன்காரனுக்கு ஒரு டாலர் கூட கட்டாதீங்க, கட்டினா அது ரிப்போர்ட்ல இருக்கற ஏழு வருஷக் கணக்கு மறுபடி முதல்லருந்து ஓடும்"னான். அண்ணா அண்ணான்னு தமிழ்ல பேசினதும் நம்பிட்டேன். முதல்ல 299, அப்புறம் மாசம் 99.

அவன் சொன்னது முழுப் பொய். ஏழு வருஷத்தை எண்ணுறது முதல்ல பாக்கி விழுந்த தேதிலருந்து, நாம பணம் கட்டறதால அந்தத் தேதி மாறாது. அதை விட முக்கியம், 2022 ஜூலைலருந்து கட்டி முடிச்ச மெடிக்கல் கலெக்‌ஷனை ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணு பேருமே ரிப்போர்ட்லருந்து எடுத்துடறாங்க. கட்டினாலே போயிடற ஒண்ணை கட்டாதேன்னு சொல்லி மாசாமாசம் என்கிட்ட காசு வாங்கியிருக்கான், நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ரெண்டாவது மாசம் "பாருங்கண்ணா, ஒண்ணு நீக்கிட்டோம்"னு 340 டாலர் லேப் பில்லைக் காட்டினான். 500 டாலருக்குக் கீழ உள்ள மெடிக்கல் கலெக்‌ஷன் எல்லாத்தையும் பீரோக்காரங்க 2023 ஏப்ரல்லயே அவங்களாவே எடுத்துட்டாங்க, இவன் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே அது ரிப்போர்ட்ல இல்ல. பெரிய பில் ஒரு மாசம் காணாம போச்சு, அடுத்த மாசம் திரும்ப வந்துடுச்சு. ஒழுங்கா கட்டிட்டு இருந்த என் பழைய கிரெடிட் கார்டு மேலயும் எனக்கே சொல்லாம டிஸ்ப்யூட் (ரிப்போர்ட்ல இருக்கறது தப்புன்னு பீரோகிட்ட ஆட்சேபம்) போட்டிருக்கான், அது முடியாம லோனை நகர்த்த மாட்டோம்னு லெண்டர் நிறுத்திட்டாங்க, வீட்டுக்காரர் வேற ஆஃபரை எடுத்துக்கிட்டார்.

கடைசில சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்குப் பதிலா வேற ஒம்பது இலக்க நம்பர் ஒண்ணு வாங்கித் தர்றேன், அதுல லோன் போடுங்கன்னான். அது குற்றங்க. லோன் ஃபார்ம்ல பொய் எழுதினா ஃபெடரல் கேஸ், எச்1பி வேலை விசால இருக்கற நம்ம நிலைமைல குடும்பத்தோட மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்னைக்குதான் அவனைக் கட் பண்ணேன்.

அப்புறம் நானே கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு லெட்டர் போட்டு கடனுக்கு ஆதாரம் கேட்டேன், வந்த பேப்பரை இன்சூரன்ஸ்கிட்ட வெச்சு சரிபாத்தேன், ஒரே தடவைல கட்டறேன்னு பேசினேன், 1,500க்கு ஒத்துக்கிட்டாங்க. பாக்கி ஜீரோன்னு எழுத்துல வாங்கின பிறகுதான் காசு அனுப்பினேன். கொஞ்சமா கொஞ்சமா கட்டாதீங்க, சில ஸ்டேட்ல அப்படிக் கட்டினா அவங்க கேஸ் போடறதுக்கான கெடு புதுசா ஆரம்பிக்கும். ஆறு வாரத்துல மூணு ரிப்போர்ட்லயும் அது இல்ல. தப்பா ஏதாவது இருந்தா டிஸ்ப்யூட்டும் நாமளே ஃப்ரீயா போடலாம், பொதுவா 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

கிரெடிட் ரிப்பேர்காரங்க வேலையை முடிக்காம முன்பணம் வாங்கவே கூடாது, கையெழுத்து போட்ட பிறகும் மூணு வேலை நாளைக்குள்ள நாம கேன்சல் பண்ணலாம், இது 1996ல போட்ட ஃபெடரல் சட்டம். எஃப்டிசிக்கும் (நுகர்வோர் புகாரை வாங்கற ஃபெடரல் அமைப்பு) ஸ்டேட் அட்டர்னி ஜெனரலுக்கும் கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன், 992ல ஒரு டாலர் கூட இன்னும் திரும்பி வரல. அந்த விளம்பரம் இன்னமும் குரூப்ல ஓடிட்டு இருக்கு, யாருக்காவது வந்துச்சுன்னா காசு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, என்கிட்ட இருக்கற கான்ட்ராக்டை அப்படியே காட்டறேன்.