பாதியில் நிற்கும் கேலரி: நத்தம் சாலைக் கால்பந்துத் திடல்

மதுரை நத்தம் சாலையை ஒட்டியுள்ள இந்தத் திடலுக்கு என் மகன் இரண்டு ஆண்டுகளாக மாலைப் பயிற்சிக்குச் செல்கிறான். செயற்கைப் புல்தரை நன்கு பராமரிக்கப்படுகிறது; பயிற்சியாளர்கள் பொறுப்பானவர்கள். என் வருத்தமெல்லாம் பார்வையாளர் கேலரியைப் பற்றியது. விரிவுபடுத்துவதாகச் சொல்லிப் பழைய கூரையைப் பிரித்த பிறகு, கட்டட ஒப்பந்தக்காரர் கடனில் மூழ்கி வேலையைப் பாதியில் விட்டுவிட்டதால், சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பெற்றோர் திறந்தவெளியில் நிற்கிறோம். துருவேறிய கம்பிகள் பிள்ளைகள் ஓடும் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பேரனின் ஆட்டத்தைக் காண வருவதையே என் தாயார் நிறுத்திவிட்டார்.

ஒப்பந்தக்காரர் நொடித்துப்போவது எங்கும் நேரக்கூடியதே. இங்கிலாந்தில் லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஏறத்தாழ 7,000 இருக்கைகளைக் கூட்டும் பணி 2021இல் தொடங்கியது. அதைக் கட்டிவந்த பக்கிங்காம் குழுமம் 2023இல் நிதி நெருக்கடியால் வீழ்ந்தது. ஆயினும் எஞ்சிய பணி ரெய்னர் ரோவன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் மேல்தளத்தின் ஒரு பகுதியும், 2024இல் முழுவதும் திறக்கப்பட்டன.

அவ்வளவு பெரிய கட்டுமானத்தையே வேறொருவரிடம் ஒப்படைத்து முடிக்க இயலுமென்றால், நான்கு படிவரிசை கொண்ட ஒரு கேலரிக்கு மாற்று ஆளைத் தேடுவதில் ஏன் இத்தனை தயக்கம் என்று நிர்வாகத்தைக் கேட்கிறேன். அதுவரை ஒரு தகரக் கொட்டகையும், கம்பிகளைச் சுற்றி வேலியும் அமைப்பது ஒரு வார வேலைதான். பயிற்சிக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்; கேலரிக்கு ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை.