46 பவுண்டு போச்சு: "அசல் ப்ளூரே" என்று நகல் டிஸ்க் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் பழைய டிஸ்க்குகளைத் தனியார் கடை போட்டு விற்கும் ஓர் இணையச் சந்தையில் 46 பவுண்டுக்கு வாங்கிய மூன்று ப்ளூரேயும் கணினியில் ரைட் செய்த நகல்கள். விற்றவர் கையை விரித்துவிட்டார். சந்தைக்காரர்கள் விற்றவரையே கேட்கச் சொல்கிறார்கள். 46 பவுண்டு இன்னும் திரும்பவில்லை. இதே தொகுப்பு வேறு வேறு தலைப்புகளில் இன்னமும் விற்பனைக்கு இருப்பதால்தான் இந்தப் பதிவு.

விற்பனைக்கு வைத்திருந்தது இதுதான்: 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் அண்ட் ஜாம்பீஸ்' (2016), அதன் மூலக்கதையை நேராகச் சொல்லும் 2005 திரைப்படம், 1995-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடர். மூன்றும் தனித்தனிப் பெட்டி, மூன்றும் பிரிட்டன் பதிப்பு, மூன்றும் அசல் என்று எழுதியிருந்தது. படத்திலும் மூன்று பெட்டிகள் வரிசையாக நின்றன. ஜாம்பிப் படத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு தொகுப்பு அருமையானது, ஏனென்றால் அதில் பாதி சிரிப்பு நேர்க்கதையைத் தெரிந்தவர்களுக்குத்தான் எட்டும். ஜேன் ஆஸ்டினின் 1813 நாவல் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்', அதற்குள் சேத் கிரகாம்-ஸ்மித் ஜாம்பிகளைப் புகுத்திய 2009 புத்தகம், அதை வைத்து பர் ஸ்டீயர்ஸ் எழுதி இயக்கிய படம் என்று மூன்று படி தாண்டி வந்த கதை அது.

பணம் கட்டுவதற்கு முன்னால் விற்றவரிடம் ஒரே கேள்வி: தொழிற்சாலையில் அச்சான டிஸ்க்கா, ரைட் செய்ததா? பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "என் சொந்தச் சேகரிப்பு, ஒருமுறைதான் போட்டுப் பார்த்தேன், அசல்தான்" என்று எழுதி, கூடவே ஒரு புகைப்படம். ஜாம்பிப் பட டிஸ்க்கின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்திருந்தார். வெள்ளி நிறம், நடுத்துளையைச் சுற்றிய உள்வளையத்தில் பொறித்த எண், சின்னப் பட்டைக்குறி, எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. அசலா நகலா என்று பார்க்க முக்கியமான இடம் அந்த உள்வளையம்தான். கேட்காமலே அதைக் காட்டுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் படத்தை நம்பித்தான் 46 பவுண்டும் போனது.

வந்து சேர்ந்தது ஒரே தடிமனான பெட்டி. மூன்று டிஸ்க்கும் அதற்குள்ளேயே. மேலே சுருங்கு பிளாஸ்டிக் உறை. அதன் ஓரத்தில் சூடுகாட்டி ஒட்டிய தடம் வளைந்து நெளிந்து ஓடியது. தொழிற்சாலை உறையில் அந்தத் தையல் நேராக இருக்கும். அட்டையில் மூன்று படங்களின் சுவரொட்டியையும் ஒட்டுப்போட்டிருந்தார்கள். பெரிய எழுத்து பளிச்சென்று இருந்தது, பின்பக்கத்துப் பொடி எழுத்து மங்கல், பட்டைக்குறியின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பிரிட்டனில் விற்கும் படப் பெட்டியில் படங்களுக்கு வயது வரம்பு வகுக்கும் அமைப்பான பிபிஎஃப்சியின் முத்திரை இருந்தாக வேண்டும், 1984-ஆம் ஆண்டு வீடியோ ரெக்கார்டிங்ஸ் சட்டம் கேட்கிறது. இதில் முத்திரையே கிடையாது. இன்னொன்று: இந்த மூன்று தலைப்புகளும் ஒரே நிறுவனத்தின் உரிமையில் இல்லை. பிபிசியின் தொடரும் வேறு நிறுவனங்கள் வெளியிட்ட இரண்டு படங்களும் ஒரே அட்டைக்குள் வந்தால், அது யாரோ வீட்டில் செய்த பெட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைத் திருப்பினால் மிச்சச் சந்தேகமும் தீர்ந்துவிடும். அச்சான ப்ளூரேயின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஒரே சீராக இருக்கும். ரைட் செய்யும் வெற்று டிஸ்க் பெரும்பாலும் கொஞ்சம் இருண்டு, சாம்பலோ பழுப்போ கலந்து தெரியும். டிஸ்க் நிறையாமல் விட்டிருந்தால் எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நடுவில் ஒரு வட்டக்கோடு விழுந்திருக்கும். கையில் இருந்த ஜாம்பி டிஸ்க்கில் அந்தக் கோடு விளிம்புக்கு வெகு முன்னாலேயே விழுந்துவிட்டது. உள்வளையத்தில் வெற்று டிஸ்க் தயாரித்தவனின் குறி மட்டும். புகைப்படத்தில் தெரிந்த எண் எங்கேயும் இல்லை. அவர் காட்டியது ஒரு டிஸ்க், அனுப்பியது வேறொன்று. மேல்பக்கத்து லேபிளை ஈரவிரலால் தொட்டபோது நீலம் விரலில் ஒட்டியது.

கணினியில் ப்ளூரே டிரைவ் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டிஸ்க்கின் வகையைக் கேட்டால் அசல் 'பிடி-ராம்' என்று காட்டும், ரைட் செய்தது 'பிடி-ஆர்' என்று காட்டும். இதை எந்த அட்டையாலும் மறைக்க முடியாது. உள்ளே படம் இருக்கும் 'பிடிஎம்வி' கோப்புறை இரண்டிலும் இருக்கும். வணிக டிஸ்க்கில் பொதுவாக அதன் பக்கத்தில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுக்கான 'ஏஏசிஎஸ்' கோப்புறையும் இருக்கும், நகலில் அநேகமாக இருக்காது. அடுத்து 'ஸ்ட்ரீம்' கோப்புறையில் மிகப் பெரிய கோப்பின் அளவைப் பாருங்கள். ஓர் அடுக்கு ப்ளூரேயில் 25 ஜிபி கொள்ளும், ஈரடுக்கில் 50. 108 நிமிடப் படத்தை நொடிக்கு 25 மெகாபிட் வைத்துக் கணக்கிட்டால் 20 ஜிபி வரும். வந்த டிஸ்க்கில் படத்தின் கோப்பு 6 ஜிபி. நொடிக்குச் சுமார் 8 மெகாபிட்.

எட்டு மெகாபிட் போதாதா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பகலில் எடுத்த பேச்சுப் படமாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். இந்தப் படம் மெழுகுவத்தி வெளிச்சம், மூடுபனி, இரவுத் தோட்டம், இருட்டு நிலவறை. நொடிக்கு இவ்வளவு குறைவான தரவு கொடுத்தால் முதலில் சாவது இருட்டுதான். பனி சதுரம் சதுரமாக உடைகிறது, சுவரில் விழும் நிழல் பட்டை பட்டையாகப் பிரிகிறது, கறுப்புக் கோட்டும் கறுப்புப் பின்னணியும் ஒன்றாகிவிடுகின்றன. நிழலில் எது மனிதன், எது பிணம் என்று பார்வையாளர் ஒரு கணம் தடுமாற வேண்டும், பயம் அங்கேதான் பிறக்கிறது. நகலில் எல்லாமே ஒரே சேறு.

ஒலி அதைவிட மோசம். இந்தப் படத்தில் நடிகர்கள் கேலி செய்வதே இல்லை. லில்லி ஜேம்ஸின் எலிசபெத்தும் சாம் ரைலியின் டார்சியும் நேர்க்கதையில் நடிப்பதுபோலவே, அவ்வளவு தீவிரமாகப் பேசுகிறார்கள். மேட் ஸ்மித்தின் பாதிரியார் காலின்ஸ் மட்டும்தான் வெளிப்படையாகச் சிரிக்க வைப்பவர், அவரும் தன் அசட்டுத்தனத்தை முழு நம்பிக்கையோடுதான் செய்கிறார். டார்சி காதலைச் சொல்லப்போய் வாக்குவாதம் கைகலப்பாகும் காட்சியில் வசனமும் அடியும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். அடி விழுந்து மூன்று நொடி கழித்து வார்த்தை வந்தால் காதலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அப்படித்தான் வந்தது. தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருந்தன, போகப் போக விலகின. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு பிசகியிருந்தால் பிளேயரின் ஒலித் தாமத அமைப்பில் சரிசெய்யலாம். நேரம் ஆக ஆக விலகுகிறது என்றால் நகல் எடுத்தவன் செய்த கோளாறு. நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடும் படத்தோடு 23.976-க்கு ஏற்ற ஒலியை ஒட்டிவிட்டால் மணிக்கு 3.6 நொடி விலகும், படம் முடிவதற்குள் ஆறு நொடியைத் தாண்டும். பிளேயரில் எந்தப் பொத்தானாலும் அது சரியாகாது.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் படத்தை வெட்டிவிட்டார்கள். பெயர்களுக்கு நடுவில் ஒரு காட்சி இருக்கிறது, ஜாம்பிப் படையோடு வில்லன் விக்கம் திரும்பி வருவது. அது இல்லாமல் படம் வெறும் கல்யாணச் சுபத்தில் முடிகிறது. கதையின் முடிவையே மாற்றிவிட்டார்கள்! (டிவிடி வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். பிரிட்டன் டிவிடி நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடுவதால் 108 நிமிடப் படம் 104 நிமிடத்தில் முடியும், அது வெட்டு இல்லை. ப்ளூரேயில் அப்படிக் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.)

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. விற்றவரின் முதல் பதில்: "உங்கள் பிளேயர் பழசு, ஃபர்ம்வேர் புதுப்பியுங்கள்." பிளேயருக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்தால் டிஸ்க்கின் உள்வளையத்தில் எண் முளைக்காது. அடுத்தது, பிராந்தியக் குறியீட்டுச் சிக்கல் என்றார். அதுவும் பொய். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் குறியீடு அது, பிரிட்டன் டிஸ்க் 'பி' பிராந்தியம். பிராந்தியம் பொருந்தாவிட்டால் பிளேயர் தொடக்கத்திலேயே மறுத்துவிடும், ஒரு மணி நேரம் ஓடிக் குரலை மட்டும் பின்னுக்குத் தள்ளாது. மூன்றாவது பதில்தான் வயிற்றெரிச்சல்: "சீல் உடைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது." ஒருமுறை போட்டுப் பார்த்தேன் என்று சொல்லி, திறந்த டிஸ்க்கைப் படமெடுத்து அனுப்பியவர் அவர். அந்த டிஸ்க் எப்படி சீலோடு வரும்?

சட்டத்திலும் அந்தச் சாக்கு செல்லாது. இணையத்தில் வாங்கியதை மனம் மாறி 14 நாளில் திருப்பும் உரிமைக்குத்தான் சீல் உடைத்த படம், இசை டிஸ்க்குகளில் விலக்கு இருக்கிறது. சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறொன்று என்றால் அது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும். விற்றவர் வியாபாரியாக இருந்தால் 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். "சொந்தச் சேகரிப்பு" என்று சொல்லிக்கொண்ட இவரின் பக்கத்தில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள், ஒரே தலைப்பே பல பிரதிகள். இது சேகரிப்பாம்!

சந்தைக்காரர்களிடம் புகார் போட்டால், "விற்றவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தயார்ப்பதில். உள்வளையப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அனுப்பியதற்கும் எழுத்துப் பிசகாமல் அதே பதில். அதற்குள் விற்றவர் ஒரு பேரம் பேசினார்: 10 பவுண்டு தருகிறேன், மதிப்பீட்டை ஐந்து நட்சத்திரமாக மாற்றுங்கள். போனது 46 பவுண்டு. அடுத்து வருகிறவரை ஏமாற்ற இன்னொரு பொய்ச்சான்று வேறு வேண்டுமாம். மறுத்தாயிற்று. டெபிட் கார்டில் கட்டியதால் வங்கி மூலம் பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் கேட்டிருக்கிறது, முடிவு வரவில்லை. கிரெடிட் கார்டாக இருந்தாலும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின் பாதுகாப்பு 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான். கார்டு வழியாக 46 பவுண்டைக் கேட்க இந்த ஒரு வழிதான்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும்.

உள்வளையப் படத்தோடு நிறுத்தாதீர்கள், அதே டிஸ்க்குக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிய தாளை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சந்தைக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள், நண்பர்களுக்கு அனுப்பும் வகையில் போன பணத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. பெட்டி வந்ததும் பிரிப்பதையே வீடியோ எடுங்கள். நகல் என்று தெரிந்தால் பணம் கைக்கு வரும்வரை டிஸ்க்கைத் தூக்கிப்போடாதீர்கள், அதுதான் சாட்சி. சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் வணிக மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போகும். விற்பனைப் பக்கத்தையும் விற்றவரின் செய்திகளையும் பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். புகார் போட்டபின் தேடினால் இந்த 46 பவுண்டு தொகுப்பின் பக்கம் காணோம், அதே மூன்று படங்கள் வேறு தலைப்பில் ஏறியிருக்கின்றன.