புற்றுநோய்க் கூட்டாய்வுக்கு இளையோரைப் பழக்கும் பயிற்சி: ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அன்றாடம் நடக்கும் வேலைக்குள் இருந்துகொண்டே பல மையங்களோடு சேர்ந்து புற்றுநோய் ஆய்வு செய்ய இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பொது சுகாதாரத் துறையினரையும் பழக்கும் பயிற்சி ஒன்றில், ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் நானும் சேர்ந்து படித்து முடித்தேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் தங்கிப் படிக்கும் வகுப்புகள், பிறகு மாதந்தோறும் இணையவழிச் சந்திப்பு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வழிகாட்டிகள், முடிவில் நம் பகுதியின் தரவைக் கொண்டு எழுதிய ஓர் ஆய்வுத் திட்டம் என்பது இதன் அமைப்பு. பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் ஆய்வுக்கென நேரம் கிடைக்காவிட்டால் இதன் பயனில் பாதி கைக்கு வந்து சேராது.

முதல் வகுப்பை, திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வின் கதையோடு தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே, அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்கும் முறையைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தார்கள். பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் முடிவுகள் வெளிவந்தன. இந்த எண்கள் மருத்துவர்கள் பலருக்கும் தெரிந்தவைதான். யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதை இத்தனை ஆண்டுகள் விடாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஆசிரியர் கேட்டபோதுதான் வகுப்பு சூடுபிடித்தது. அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட புற்றுநோய்ப் பதிவேடு அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அது இல்லையென்றால் எத்தனை ஆயிரம் பெண்களைப் பரிசோதித்திருந்தாலும் பலன் இன்னதென்று நிறுவியிருக்க முடியாது. ஆய்வு என்பது கட்டுரை எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே, பதிவேட்டு அறையில் தொடங்கிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

பதிவேட்டுப் பாடம்தான் இப்பயிற்சியின் உயிர். அடையாளம் நீக்கிப் பயிற்சிக்கென உருவாக்கிய பதிவுகளை எங்கள் முன் வைத்து, இவற்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு தாளில் 'பாத்திமா பீவி, 45, கீழக்கரை', இன்னொன்றில் 'எஸ். பாத்திமா, 48, மதுரை'. மூன்றாவதில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு 'கே. பாத்திமாபீவி', வயதுக் கட்டம் காலி. மதுரை முகவரி, சிகிச்சைக்காகத் தங்கியிருந்த உறவினர் வீட்டுடையது. மூன்றும் ஒரே பெண். இதைக் கவனிக்காமல் விட்டால் கீழக்கரையின் ஒரே நோயாளி மூன்று பேராகிவிடுவார், மதுரையில் ஒருவர் இல்லாமலேயே பிறப்பார். அடுத்து வந்தது, ஒவ்வொரு நோய்க்கும் உரிய பன்னாட்டுக் குறியீட்டை எழுதுவதில் நேரும் பிழை. வேறொரு உறுப்பில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய கட்டிக்கு சி78.7 என்று எழுத வேண்டிய இடத்தில், கல்லீரலிலேயே தொடங்கிய புற்றுநோய்க்கான சி22 என்று எழுதிவிடுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. பிழை ஓரெழுத்து இரண்டெழுத்துதான். ஆனால் மாவட்டத்தில் கல்லீரல் புற்றுநோய் பெருகிவிட்டதென்று நாளை யாராவது நம்பித் திட்டம் தீட்டுவதற்கு அதுவே போதும். வகுப்பில் எங்களோடு அமர்ந்திருந்த மருத்துவப் பதிவேட்டு உதவியாளர் ஒருவர் எங்கள் எல்லோரையும்விட வேகமாக இந்தப் பிழைகளைப் பிடித்தார். மருத்துவர்களையும் அவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததற்கு நடத்தியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

கூட்டாய்வு என்ற சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதை அடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியுதவியோடு 1999இல் உருவான புற்றுநோய் ஆய்வு வலையமைப்பில், கைசர் பெர்மனென்டே போன்ற பெரிய மருத்துவ அமைப்புகள் தங்கள் நோயாளிகளின் தரவை வெளியே அனுப்பாமல் தங்களிடமே வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே வடிவில் அட்டவணைப்படுத்தினார்கள்; ஆய்வாளர் எழுதும் கணினி நிரல் மட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் போய்க் கணக்கிட்டுத் தொகுப்பு எண்களோடு திரும்பும். இளம் ஆய்வாளர்களுக்கென அவர்கள் இரண்டு ஆண்டுக்கும் மேலாக நீளும் பயிற்சித் திட்டம் ஒன்றையும் நடத்தினார்கள். நாங்கள் பெற்றது அதன் சாயலில் அமைந்ததுதான். நம் கரைக்கு இது அப்படியே பொருந்துகிறது. தொண்டியில் கட்டியைக் கவனித்த ஒருவர் ராமநாதபுரத்தில் பரிசோதனை செய்துகொண்டு, மதுரையில் அறுவை முடித்து, அடையாற்றில் கதிர்வீச்சு பெற்றிருப்பார். அவருடைய நோயின் கதை மூன்று நான்கு கோப்புகளில் சிதறிக் கிடக்கும். பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குப் பொதுவான நெறிக்குழுப் பரிசீலனையை (ஆய்வு அறநெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் குழுவின் பரிசீலனையை) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் அனுமதிப்பதையும் எடுத்துக்காட்டோடு விளக்கினார்கள்.

களப்பணிக்கு அரை நாள் மட்டுமே ஒதுக்கியது பெரிய குறை. மண்டபம் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். எங்களோடு வந்த கிராம சுகாதார செவிலியர், "டாக்டரம்மா, போட்டு கடலுக்குப் போற நாள்ல வந்தா ஆம்பளையாளுக யாரும் இருக்க மாட்டாக. பாசி எடுக்குற நாள்ல பொம்பளையாளுகளும் தீவுக்குப் போயிருவாக" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பது எளிது, ஆனால் நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள் என்பதையும் அவரே சொன்னார். யாரைப் பார்க்க முடிந்தது, யாரைப் பார்க்காமலே விட்டோம் என்பது ஆய்வு முடிவையே புரட்டிப்போடக்கூடியது. அந்த அம்மையாரை ஒரு முழு நாள் வகுப்பெடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வழிகாட்டிகளில் புள்ளியியல் பேராசிரியர் என் கேள்வியை உருப்படியாக்கினார். மீனவர்களிடையே வாய்ப் புற்றுநோய் என்று பொதுவாக எழுதியிருந்ததை, வாயில் ஆறாத புண்ணை முதலில் கவனித்த நாளுக்கும் திசுப் பரிசோதனை நடந்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் போகிறது, அது எங்கே வீணாகிறது என்ற கேள்வியாக அவர் சுருக்கியதால்தான் அது செய்து முடிக்கக்கூடிய ஆய்வாயிற்று. பெருநகரத்தைச் சேர்ந்த மருத்துவ வழிகாட்டி பல சந்திப்புகளுக்கு வரவேயில்லை. கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிட வைத்தது, இளையவர்களுக்கும் சிறிய ஊர்க்காரர்களுக்கும் பெரிய பாதுகாப்பு. தங்குமிடம், சாப்பாடு, கட்டணம் எதிலும் குறையில்லை.

என் மனக்குறை நேரத்தைப் பற்றியது. வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கு விடுவிப்போம் என்று நான் பணிபுரிந்த மருத்துவமனை கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதத்தைப் பயிற்சி நிறுவனம் வாங்கிக் கோப்பில் வைத்ததோடு சரி. பணிப் பட்டியல் கடைசிவரை மாறவில்லை, இரவுப் பணி முடிந்து வந்துதான் நான் தரவைப் பார்த்தேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு வழங்கும் கே23 நல்கையில், பணிநேரத்தில் பொதுவாகக் குறைந்தது 75 விழுக்காடு ஆய்வுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நான் அவ்வளவு கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த அந்த ஒரு நாள் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று மாதம் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்திருந்தால்கூட நிலைமை மாறியிருக்கும். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் திறமைக் குறைவால் விலகவில்லை, நேரமில்லாமல் விலகினார்கள். அவர்களுள் ஒருவருடைய கேள்வி என்னுடையதைவிட நல்ல கேள்வி.

அடுத்த அணியில் சேர நினைக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் விண்ணப்பிக்கும் முன்பே தங்கள் துறைத்தலைவரிடம் பேசி, எந்தக் கிழமை ஆய்வுக்கு, அன்றைய பணியை யார் பார்ப்பார் என்பதைப் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனையின் பதிவேட்டு உதவியாளரையும் உடன் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இடம் உண்டு என்பது விளம்பரத்தில் கண்ணில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது.