உப்புக்காற்றில் விலை கூடிய நோட்டுகள்: மண்டபம், பாம்பன் பக்கத்து அனுபவம்

நல்ல நோட்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது “எத்தனை ஜிஎஸ்எம்?” என்றுதான்; அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்று. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் என்று இருக்கிற மண்டபம், பாம்பன் மாதிரி ஊர்களில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் நோட்டின் முதுகை, அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஓரத்தைப் பாருங்கள், அடுத்து அட்டையை. ஏலக் கணக்கு, வகுப்புக் குறிப்பு, நாட்குறிப்பு என்று வருடம் முழுக்கக் கையில் புழங்கும் நோட்டுகளில், தாள் சரியில்லாமல் வீணாவது குறைவு. ஸ்டேப்ளர் பின், பசை, அட்டை இந்த மூன்றில் ஒன்றுதான் முதலில் கைவிடுகிறது.

பின் அடித்த நோட்டை நடுவில் விரித்துப் பாருங்கள். பின்னின் கால் மடங்கிய இடத்தில் முதலில் வெளிர் மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். வாடைக்காற்றும் மழையும் ஒரு சுற்று வந்து போனதும் அது செம்பழுப்பாகி, பக்கத்துத் தாள்களிலும் இறங்கியிருக்கும். வெறும் கறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் துருவிலுள்ள இரும்பு தாளின் நாரையே அரித்துவிடுகிறது. பின்னைச் சுற்றி மொறுமொறுப்பாகி, ஒருநாள் நடுத்தாள் தபால்தலை பிரிவதுபோல் கையோடு வந்துவிடும். காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரைகிறது. கடற்கரையில் அந்த அளவு ஈரம் அபூர்வமல்ல. ஆகவே மழையே படாத நோட்டிலும் பின் உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கிறது. சுருள் கம்பி நோட்டுக்கும் இதே கதிதான். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கரைக்கு இவ்விரண்டும் வேண்டாம்.

பசை மட்டும் போட்டு ஒட்டியவை வேறு விதமாகப் போகும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் கிடந்தால் பசை இளகும், ஆறினால் இறுகும். பல முறை இப்படி ஆனதும் முதுகு வெடித்துத் தாள் தாளாக உதிரும். தையல் பைண்டிங்தான் நிற்கிறது. கடையிலேயே சோதிக்கலாம்: மேல் விளிம்பைப் பார்த்தால் தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிய வேண்டும், ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூல் ஓடியிருக்க வேண்டும்.

அட்டையில் ஏமாற்றுவது தோல் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு. வாங்கும்போது மெத்தென்று இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியலாகவே சிதையும்; முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். துடைத்தாலும் எண்ணெய் போட்டாலும் திரும்பாது. காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை அழுக்காகும், ஆனால் உரியாது.

இப்போது தாளுக்கு வரலாம். வெளிநாட்டு பிராண்டுகளில் மோல்ஸ்கீன் வழக்கமான நோட்டின் தாள் 70 ஜிஎஸ்எம், லாய்ஷ்டுர்ம் 80. இங்க் பேனாக்காரர்கள் கொண்டாடும் டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் வெறும் 52. மை பரவாமல் நிற்பது தடிமனால் அல்ல, தாளுக்கு ஏற்றியிருக்கும் பசைப்பூச்சால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தப் பூச்சு நன்றாக இருக்க இருக்க மை காய நேரமாகும், ஈரக்காற்றில் இன்னும் கூடும். எழுதியவுடன் மூடினால் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக அச்சாகிவிடும். மை ஒற்றும் தாள் ஒன்றை நோட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். எழுதும்போது உள்ளங்கைக்கு அடியிலும் அதையே போடலாம். பக்கத்தின் கீழ்ப்பாதியில் பேனா திடீரென்று விட்டுவிட்டு எழுதினால் பேனாவைத் திட்ட வேண்டாம். கை வியர்வையும் எண்ணெயும் அங்கே படிந்திருக்கிறது.

கணக்குக்குப் பால்பாயிண்ட் பேனாதான். அதன் மை எண்ணெய் வகை, நனைந்தாலும் ஓடாது. பென்சிலும் நிற்கும். கழுவினால் போகும் நீல இங்க்கில் கடன் கணக்கு எழுதி வைப்பது ஆபத்து.

கடல் தண்ணீர் பட்டுவிட்டால், நோட்டை மூடியபடியே நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். உப்பு உள்ளே தங்கினால் நோட்டு எப்போதும் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். (கழுவினால் போகும் மையில் எழுதியிருந்தால் அலசக்கூடாது, துண்டால் ஒற்றி எடுப்பதோடு சரி.) பிறகு 10 தாளுக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் செருகி, ஃபேனுக்கடியில் வைத்து, செருகிய தாள் ஈரமாக ஆக மாற்ற வேண்டும். வெயிலில் போட்டால் தாள் நெளிந்துவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் பலகையும் பாரமும் வைத்து அழுத்துங்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் உட்கார்ந்து செய்ய நேரமில்லை என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துச் செய்யலாம்.

உள்ளூர் பைண்டிங் கடையில் தைத்து வாங்குவது பல இறக்குமதி நோட்டுகளைவிட இங்கே நன்றாக உழைக்கிறது. கரூர் காகிதபுரத்துத் தமிழ்நாடு காகித ஆலையின் (டிஎன்பிஎல்) 80 ஜிஎஸ்எம் தாள் போதும். ஆனால் ஏ4 கட்டு வாங்கிக் கொடுத்து மடிக்கச் சொல்லாதீர்கள். ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும்; இரண்டாக மடித்தால் அது முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். தாள் ஈரத்தில் நாரின் குறுக்கு வாக்கில்தான் விரியும், அதனால் முதுகோரம் அலை அலையாக எழும்பி நோட்டு மூடாது. முழு ஷீட் எடுத்து, நார் முதுகோடு ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று தெரிய, தாளை இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் மடிப்புக்கோடு எதுவோ, அதுதான் நார் ஓடும் திசை. 4 தாள் மடித்து 16 பக்கக் கட்டாக, பருத்தி நூலில் தைக்கட்டும். அட்டைக்கு மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் இராமபாணப் பூச்சி முதுகுத் துணியில் வாய் வைத்துவிடும்.