சிபிஆர்: நெஞ்சை அழுத்தினால் போதுமா, மூச்சும் கொடுக்க வேண்டுமா?

தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், சீரான மூச்சும் இல்லாமல் ஒருவர் கிடந்தால், நின்றுபோன இதயத்துக்கும் மூச்சுக்கும் ஈடுகொடுக்கும் சிபிஆர் என்ற முதலுதவியைச் செய்ய அருகில் நிற்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து இடைவிடாமல் அழுத்துவது ஒன்று. 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் வாயோடு வாய் வைத்துக் காற்றும் ஊதுவது மற்றையது. எது மேலானது என்பதை, விழுந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று பாராமல் தீர்மானிக்க முடியாது.

யாழ்ப்பாணத்தின் நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் நடுத்தர வயதுடைய ஒருவர் திடீரெனச் சரிகிறார் என்று கொள்வோம். அந்தக் கணம்வரை அவர் நன்றாக மூச்சு விட்டிருப்பதால் இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் இருக்கிறது; அதை மூளைக்குக் கொண்டுபோகும் இதயம்தான் நின்றுவிட்டது. முதற் சில நிமிடங்களுக்கு அழுத்தம் மட்டுமே போதுமானது. ஊதுவதற்காகக் கையை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரத்தவோட்டம் அறுந்து போகிறது. பயிற்சி இல்லாதவர்கள், வளர்ந்த ஒருவர் கண்முன்னே விழுந்தால், கைகளை மட்டும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் அறிவித்தது. முன்பின் தெரியாதவரின் வாயில் வாய் வைக்கக் கூசி, ஒன்றுமே செய்யாமல் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு இது பெரிய விடுதலை.

அழுத்தம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். பஞ்சு மெத்தையில் கிடப்பவரை அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும் என்பதால், முதலில் தரைக்கு இறக்கிவிடுவது நல்லது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தக்கூடாது. இடைக்கிடை வாயைப் பிளந்து இழுக்கும் மூச்சைக் கண்டு 'உயிர் இருக்குது, விடுங்கோ' என்று கையைத் தட்டிவிடுபவர்கள் எங்கும் உண்டு. அது மூச்சல்ல, இதயம் நின்றதன் அடையாளம்.

கீரிமலைக் கேணியிலோ, கசூரினாக் கடலிலோ, வீட்டுக் கிணற்றிலோ மூழ்கியவரின் நிலை நேர்மாறானது. அவருக்கு முதலில் நின்றது மூச்சு. ஒட்சிசன் தீர்ந்த பிறகே இதயம் நின்றது. வெறும் அழுத்தம் அந்த வெற்று இரத்தத்தைத்தான் சுற்றவைக்கும். ஐரோப்பிய வழிகாட்டல் 5 மூச்சுகளையும் அமெரிக்க வழிகாட்டல் 2 மூச்சுகளையும் முதலில் கொடுக்கச் சொல்கின்றன; எண்ணிக்கையில் வேறுபட்டாலும் மூச்சில் தொடங்குவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்சாய்த்து, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு மேலெழுவதைக் கண்ணால் பார்த்தபடி ஒரு வினாடி ஊத வேண்டும். எழாவிட்டால் தலையை மறுபடி சரிசெய்ய வேண்டும். சிறுவர்களின் இதயமும் பெரும்பாலும் மூச்சுத் தடையால்தான் நிற்கிறது என்பதால் அவர்களுக்கும் மூச்சு அவசியம். அழுத்தத்தின் ஆழம் நெஞ்சின் மூன்றிலொரு பங்கு. தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம்மூரில் இன்னமும் நடக்கின்றன. அவை நேரத்தை விழுங்குவதோடு, வயிற்றிலுள்ளதை மேலே கொண்டுவந்து மூச்சுக்குழாயையும் அடைக்கக்கூடும்.

கடலும் கிணறும் சூழ வாழும் நாம் நெஞ்சை அழுத்தும் முறையை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடலாகாது என்பதே என் நிலைப்பாடு. பயிற்சி பெற்றவர் எவருக்கும் 30க்கு 2 என்பதே முழுமையான முறை. உதவி வந்துசேர நேரமெடுக்கும் தீவுப்பகுதிகளில் அது இன்னும் முக்கியமாகிறது.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பறப்பதா, 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழைப்பதா என்ற கேள்விக்கு நீண்ட அலசல் தேவையில்லை. ஓடும் ஓட்டோவின் பின்னிருக்கையில் ஒருவரை மல்லாத்தி அழுத்த இடமே கிடையாது. சிபிஆர் தொடங்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. 2018 முதல் வடக்கிலும் இயங்கும் இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையை ஒருவர் தொலைபேசியில் அழைக்க, மற்றவர் அழுத்தத் தொடங்கலாம். தனியாள் என்றால் ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டையும் செய்யலாம். 2 நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடுவதால், சுற்றி நிற்பவர்களில் அடுத்தவரை இப்போதே பக்கத்தில் முழந்தாளிட வைத்துக்கொள்ள வேண்டும்.