மலைக்குச் செய்த ஷூவும் நம்ம ஊர் மணலும்

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் துண்டு துண்டாக நடக்கிறவர். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடக்க ஐந்தாறு மாதம் லீவு யார் தருவார்கள், அதனால் வருஷத்துக்கு ஒரு வாரம், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். போன தடவை ஊருக்கு வந்தபோது தான் போடுகிற அதே ட்ரெயில் ஷூவில் எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்தார். ராமநாதபுரத்தில் மலைக்கு எங்கே போக? சரி, கடற்கரையையே அவர் மாதிரி பிரித்து நடப்போம் என்று தேவிபட்டினத்தில் இறங்கினேன். மச்சானின் மலைப்பாதையில் மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டை அடித்து வழி காட்டுவார்களாம். இங்கே கடல் இடது கைப்பக்கம் இருந்தால் வழி சரி.

நான்கு கட்டத்தில் கீழக்கரை வரை வந்தாயிற்று. ஷூ எப்படி?

எடையே தெரியவில்லை, அது பெரிய விஷயம். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினேன், பத்து நிமிஷத்தில் நீர் வடிந்துவிட்டது. பாசி பிடித்த பாறையிலும் வழுக்கவில்லை.

ஆனால் தண்ணீர் வெளியே போகிற வலைத்துணி வழியாகத்தான் மணல் உள்ளே வருகிறது. தனுஷ்கோடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் போனது என் தப்புதான், இருந்தாலும் ஆண் கடல் என்று சொல்கிற, அலை அடிக்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு ஷூவைக் கவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மணல். உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கினால் அதற்கடியில் இன்னொரு படுகை. கருவாடு விற்றுக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டு, "அதக் கழத்தித் தோள்ல போட்டுட்டு நடங்க தம்பி" என்றார். அப்படித்தான் நடந்தேன்.

அடுத்தது முள். அடிப்பக்கம் பல் பல்லாக இருக்கிறதே, அந்தப் பற்களுக்கு நடுவே ரப்பர் மெல்லிசு. மண்டபம் தாண்டி ஒரு கருவைக் காட்டுக்குள் குறுக்கே போனபோது சீமைக்கருவேல முள் சரியாக அந்த இடத்தில் ஏறி, சாக்ஸைத் தாண்டிக் குதிகாலில் நின்றது. ஊக்கு வைத்து எடுக்க அரை மணி நேரம். மலைக் கல்லைத் தாங்கும் ஷூ நம்ம வேலிக்கருவைக்குத் தாங்காது.

உப்பையும் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் பட்டதை அப்படியே காயவிட்டால் துணி கருவாடு மாதிரி விறைத்துவிடுகிறது. அன்றன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். நான் வெயிலில் வைத்து முன்பக்கப் பசை விட்டுப்போய், பிறகு ஒரு செருப்புத் தைக்கிற அண்ணன் தங்கூசி, அதாவது மீன் பிடிக்கிற நைலான் நரம்பு, போட்டுத் தைத்துக் கொடுத்தார். கம்பெனிப் பசையைவிட அது உறுதியாக நிற்கிறது.

வாங்குவதானால் ஒரு சைஸ் கூட எடுங்கள், நம்ம வெயிலில் கால் வீங்கும். பாம்பன் ரோட்டுப் பாலம் மாதிரி தார் வழி வந்தால் பழைய செருப்புக்கு மாறிக்கொள்ளுங்கள், அடிப்பல் சீக்கிரம் தேய்கிறது. ஐந்துக்கு மூன்று தரலாம், அதில் அரை அந்தத் தங்கூசித் தையலுக்கு.

தை பிறந்ததும் கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம். இதே ஷூதான், பையில் செருப்பும் ஊக்கும்.