அட்டையா, முழுத்தாளா, மனப்பாடமா: வகுப்பில் வாதாட எது கைகொடுக்கும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் 'சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் (மலைக்கு வர இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதி) தேவையா?' என்று தலைப்பு கொடுத்தால் போதும், வகுப்பு தானாக இரண்டாகப் பிரிந்துவிடும். ஒருவர் வீட்டில் காட்டேஜ் நடத்துகிறார்கள். இன்னொருவரின் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். மூன்றாவது பிள்ளைக்கு, மே மாத நெரிசலில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. இப்படி ஒரு கூட்டத்தின் முன் ஐந்து நிமிடம் பேசி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சமாவது அசைக்க வேண்டும். கையில் என்ன கொண்டுபோவது?

மனப்பாடத்துக்கு நம் ஊரில் பெரிய மரியாதை உண்டு. 'அவையோர் அனைவருக்கும் முதற்கண் வணக்கம்' என்று ஆரம்பித்து, எந்த வரியில் கையை உயர்த்துவது என்பதுவரை பழகிக்கொண்டு வருவார்கள். பேச்சுப் போட்டிக்கு அது சரி. அங்கே உச்சரிப்புக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. யாரும் மனம் மாறவேண்டிய கட்டாயமில்லை. வகுப்பில் வாதாடுவது வேறு வேலை. கடைசி பெஞ்சில் டாக்ஸிக்காரர் மகன் முகத்தைச் சுளித்தால் பேசுகிறவர் அதைப் பார்க்கவேண்டும், பார்த்த கையோடு அவனுக்கு ஒரு பதிலும் சொல்லவேண்டும். மனப்பாடமாகப் பேசுகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? அடுத்த வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சொல் நழுவினால் பத்தியின் தலைக்கே திரும்பிப் போகவேண்டும்.

முழுத்தாளில் எழுதி வாசிப்பவருக்கு அந்தப் பயம் இல்லை. தகவல் பிசகாது, நேரமும் கணக்காக இருக்கும். ஆனால் தலை குனிந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் தகரக் கூரை வகுப்பில் குனிந்து வாசித்துப் பாருங்கள், குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. குளிரிலும் பதற்றத்திலும் கை கொஞ்சம் நடுங்கினாலும் ஏ4 தாள் படபடவென்று ஊருக்கே சொல்லிவிடும். அதற்காக முழுத்தாளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் ஒருமுறை முழுசாக எழுதி, சத்தமாகப் படித்து, ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் அதை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

செல்போனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பெரும்பாலான பள்ளிகளில் கொண்டுவர அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும் முக்கியமான இடத்தில் திரை அணைந்து தொலையும்.

வாதாட என் கட்சி, குறிப்பு எழுதிக் கையில் வைத்துக்கொள்ளும் சின்ன அட்டைதான். கடையில் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சார்ட் அட்டையை வெட்டிக்கொள்ளலாம், பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கமும் போதும். ஜெல் பேனா மட்டும் வேண்டாம். மூடுபனி நாளில் ஈரக் கை பட்டால் இழுகிவிடும். பால்பாயிண்ட் போதும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

அட்டையிலும் இரண்டு கட்சி இருக்கிறது. சிலர் முழுத்தாளில் இருந்ததை அப்படியே பொடி எழுத்தில் அட்டைக்கு மாற்றுவார்கள். அது சின்ன முழுத்தாள், அவ்வளவுதான். கண் உள்ளே போனால் வெளியே வராது. மற்றவர்கள் குறிச்சொல் மட்டும் எழுதுவார்கள். இப்படி:

அட்டை 2
நீலகிரி: வார நாள் 6,000, வார இறுதி 8,000
கொடைக்கானல்: 4,000, 6,000
மே மாதம், பஸ், இருட்டு
(நிறுத்து. ஜன்னல் பக்கம் பார்)

எண்களுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் ஏன் என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வந்தது. இதில் 6,000 இரண்டு ஊருக்கும் பொது எண்: இங்கே வார நாளுக்கு, அங்கே வார இறுதிக்கு. மேடையில் நின்றால் நாக்கு கட்டாயம் மாற்றிச் சொல்லும், எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் குறிச்சொல் கட்சியில் இருந்தாலும் மூன்றை மட்டும் நான் முழுசாக எழுதச் சொல்வேன்: முதல் வாக்கியம், எண்கள், கடைசியில் கேட்கும் கோரிக்கை. கோரிக்கையை எழுதாதவர்கள் பெரும்பாலும் 'அவ்வளவுதான், நன்றி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசியும், வகுப்பு என்ன செய்யவேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

எந்த வரிசையில் அடுக்குவது? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படி முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கவனத்தை இழுப்பது, தேவையைக் காட்டுவது, தீர்வைச் சொல்வது, அந்தத் தீர்வு வந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்துவது, செய்யக் கூப்பிடுவது. படிக்கு ஓர் அட்டை, கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் மறுப்புக்கு அதில் தனிப் படி கிடையாது, தீர்வோடு சேர்த்துச் சமாளிக்கச் சொல்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது சுற்றுலா என்றால் அது போதாது. மறுப்புக்கென்று ஆறாவது அட்டை வேண்டும்:

'எங்க அப்பா பொழப்பு?'
உள்ளூர்ப் பதிவு வண்டி (நீலகிரி எண், டிஎன் 43): இ-பாஸ் தேவையில்லை
வெளியூர் கார் குறைந்தால், பஸ்ஸில் வருபவருக்கு யார் வண்டி?

இந்த அட்டைக்கு நம்பர் போடவேண்டாம். மற்ற ஐந்துக்கும் பென்சிலில் நம்பர் போடுங்கள். பேச எழுந்திருக்கும்போதே முகங்கள் இறுகியிருந்தால் இதை இரண்டாவதாகச் செருகிவிடலாம். எல்லோரும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் தீர்வுக்குப் பின்னால் போகட்டும். மனப்பாடத்தில் இது நடக்காது. முழுத்தாளிலும் நடக்காது, அங்கே பக்கத்தைப் புரட்டித் தேடுவதற்குள் வகுப்பு சிரித்துவிடும்.

அட்டையின் குறை, கீழே விழுந்தால் கலைந்துவிடும். அதற்காகச் சிலர் மூலையில் துளை போட்டு, பரீட்சைத் தாளில் கட்டும் நூலால் கட்டிவிடுகிறார்கள். விழாது, ஆனால் இடம் மாற்றவும் முடியாது. நான் கட்டமாட்டேன், நம்பர் போதும். முதல்முறை பேசுகிற பிள்ளை, பயந்த சுபாவம் என்றால் கட்டிக்கொள்ளட்டும். மறுப்பு அட்டையை மட்டும் தனியே விட்டுவைத்து, அதைச் செருகும் இடத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டு விதமாகவும் பழகிக்கொண்டால் சரி.